பத்துப் பாகை செய்யும் வேலை

திருகோணமலைக் கடலில் விடியற்காலை பிடித்த சூரை ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால், மத்தியானத்துக்குள்ளேயே பழுதாகத் தொடங்கிவிடும். அதையே உடனே ஐஸ் பெட்டியில் அடுக்கினால் நாட்கணக்கில் தாங்கும். மீனும் அதிலுள்ள பற்றீரியாவும் நொதியங்களும் அதேதான். மாறியது வெப்பநிலை மட்டும்.

சூடு கூடினால் மூலக்கூறுகள் வேகமாக ஓடி அடிக்கடி மோதும், அதனால் தாக்கவீதம், அதாவது இரசாயன மாற்றம் நடக்கும் வேகம், கூடும் என்று சொல்லிவிடுகிறோம். அது சரி, ஆனால் போதாது. 27 பாகை செல்சியஸ் என்பது, தனிப்பூச்சியத்திலிருந்து எண்ணும் அளவில், 300 கெல்வின். 37 பாகைக்கு ஏற்றினால் 310 கெல்வின். மூலக்கூறுகளின் சராசரி இயக்கச் சக்தி கூடுவது ஏறக்குறைய 3 சதவீதம். சராசரி வேகம் 2 சதவீதம்கூடக் கூடுவதில்லை. ஆனாலும் பல தாக்கங்கள் இந்தப் பத்துப் பாகையில் இரு மடங்கு வேகமாகின்றன!

எப்படி? மோதும் மூலக்கூறுகள் எல்லாம் தாக்கமடைவதில்லை. பழைய பிணைப்புத் தளர்ந்து புதியது உருவாக, மோதலில் ஒரு குறைந்தபட்சச் சக்தி இருக்க வேண்டும். அதுதான் ஏவற்சக்தி. அந்த அளவை எட்டாத மோதலில் இரண்டும் பழையபடியே விலகிப்போகும்.

வாடைக்காற்றுக் காலத்தில் கரைச்சுவரில் மோதும் அலைகளைப் பாருங்கள். பெரும்பாலானவை சுவரைத் தாண்டுவதில்லை. ஆனால் கடல் சற்றே உயர்ந்தாலும் தாண்டும் அலைகளின் எண்ணிக்கை சட்டென்று பெருகிவிடும். மூலக்கூறுகளிலும் அப்படித்தான், சக்தி மிகுந்த அந்தச் சிலதான் வேலையை முடிக்கின்றன. ஏவற்சக்தி மோலுக்கு 53 கிலோயூல் என்று வைத்துக்கொள்வோம். 300 கெல்வினில் ஏறக்குறைய 170 கோடி மோதல்களில் ஒன்றுதான் பலிக்கும். 310 கெல்வினில் 85 கோடியில் ஒன்று. சராசரி கிட்டத்தட்ட அசையாமல் நிற்க, விளிம்பில் எண்ணிக்கை இரட்டிக்கிறது. எனக்கு இரசாயனத்திலேயே மிகப் பிடித்த கணக்கு இது.

அமிலத்தில் கரும்புச் சீனி உடையும் வேகத்தை ஆராய்ந்து, சுவீடன் நாட்டு ஸ்வாந்தே அரேனியஸ் 1889இல் இந்த விளக்கத்தை முன்வைத்தார்.

சரி, மீனுக்கு வருவோம். பத்துப் பாகைக்கு இரு மடங்கு என்று எடுத்தால், 30 பாகையிலிருந்து 0 பாகைக்கு இறக்கும்போது தாக்கம் எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. பற்றீரியா பெருகுவதும் கூடவே தளர்கிறது. சூரையில் இது இன்னும் முக்கியம். அதன் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு. சூட்டில் பெருகும் பற்றீரியாவின் நொதியம் அதை ஹிஸ்டமினாக மாற்றும். தின்றவருக்கு முகம் சிவக்கும், தலையிடிக்கும், தோல் தடிக்கும். ஐஸ் அந்த மாற்றத்தை மந்தமாக்கும். ஏற்கெனவே உண்டான ஹிஸ்டமினை அகற்றாது. பொரித்தாலும் குழம்பு வைத்தாலும் அது அழிவதில்லை. அதனால் ஐஸ் போட வேண்டிய இடம் படகுதான், சந்தை அல்ல.