ஃபில்டரைத் தொடும் முன் வெள்ளையைச் சரிபாருங்கள்

பவானி ஜமக்காளம், சென்னிமலை பெட்ஷீட், திருப்பூர் பனியன் என்று எங்கள் பக்கத்தில் செல்போனிலேயே படம் எடுத்து வாட்ஸ்அப்பில் விற்பவர்கள் இப்போது நிறையப் பேர். ஜவுளிக்குப் படம் எடுத்துக் கொடுப்பது என் தொழில் என்பதால், எடிட்டிங் கற்றுக்கொள்ள என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் இவர்கள்தான். "ஏனுங்ண்ணா, படத்துல பார்த்த கலரு வேற, கைக்கு வந்த கலரு வேறன்னு திருப்பி அனுப்பிடறாங்க" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். படத்தை வாங்கிப் பார்த்தால் ஏதாவது ஒரு ஃபில்டர் ஏறி உட்கார்ந்திருக்கும்.

புதிதாகக் கற்பவர்கள் முதலில் பிடிக்க வேண்டியது ஒயிட் பேலன்ஸ், அதாவது எந்த வெளிச்சத்தில் எடுத்தாலும் வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சரிசெய்வது. வெளிச்சம் எவ்வளவு மஞ்சள், எவ்வளவு நீலம் என்பதை நிற வெப்பநிலை என்று கெல்வினில் அளப்பார்கள், எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். நடுப்பகல் வெயில் சுமார் 5,500 கெல்வின், பழைய குண்டு பல்பு 2,700 பக்கம். இரண்டிலும் வெள்ளைத் துணி நம் கண்ணுக்கு வெள்ளையாகத்தான் தெரியும், மூளை அப்படிச் சரிசெய்துவிடும். கேமரா பல நேரம் ஏமாந்துபோகும். பல்பு வெளிச்சத்தில் மஞ்சள் ஏறும், சில டியூப்லைட்டில் பச்சை தட்டும். ஸ்னாப்சீட், லைட்ரூம் என்ற எடிட்டிங் ஆப்கள் இரண்டிலும் இதற்கு இரண்டு கோடுகள் உண்டு. டெம்பரேச்சர் நீலத்துக்கும் மஞ்சளுக்கும் நடுவே நகரும், டின்ட் பச்சைக்கும் மெஜந்தா என்ற ஊதா கலந்த சிவப்புக்கும் நடுவே. பக்கத்திலேயே சொட்டுக்குழாய் மாதிரி ஒரு குறி இருக்கும். சாயமில்லாத சாம்பல் அல்லது வெள்ளைப் பகுதியில் அதை வைத்தால் நிறம் தானாகச் சரியாகும்.

இங்கேதான் ஒரு சிக்கல். கையில் கிடைக்கும் வெள்ளை என்று வேட்டியின் மேல் வைத்துவிடுவார்கள். நீலம் போட்டுத் துவைத்த வேட்டி உண்மையில் லேசான நீலம். அதைச் சுத்த வெள்ளை என்று நாம் சொன்னால், ஆப் நீலத்தைக் கழிக்கப் போய் மொத்தப் படத்தையும் மஞ்சளாக்கிவிடும். பளிச்சென்ற ஏ4 தாளிலும் வெளுப்பூட்டும் ரசாயனம் இருப்பதால் கொஞ்சம் அதே கதைதான். கிரே கார்டு என்று, எந்தச் சாயமும் ஏறாத சாம்பல் நிற அட்டை ஒன்று வாங்கி, துணிக்குப் பக்கத்தில் வைத்து முதல் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் வெளிச்சமும் டியூப்லைட்டும் ஒன்றாக விழுந்தால் ஒரு பக்கம் சரியாகும்போது மறுபக்கம் கெடும். லைட்டை அணைத்துவிட்டு எடுப்பதுதான் அதற்கு வைத்தியம்.

அப்புறம் வெளிச்சம். ஜேபெக் என்ற வழக்கமான கோப்பு வடிவத்தில் உள்ள படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை 256 படிகள். மூன்று வண்ணமும் 255-ஐத் தொட்டுவிட்ட இடம் வெறும் வெள்ளை. வெளிச்சமான பகுதிகளைக் குறைக்கும் ஹைலைட்ஸை எவ்வளவு இறக்கினாலும் அங்கே நூல் திரும்பி வராது. எடுக்கும்போதே கொஞ்சம் இருட்டாக எடுத்து, எடிட்டிங்கில் இருட்டான பகுதிகளை வெளிச்சமாக்கும் ஷேடோஸை ஏற்றுவது நல்லது.

நிறத்தின் அழுத்தத்தைக் கூட்டும் சாச்சுரேஷன் விஷயத்தில் மட்டும் கையைக் கட்டிப்போடுங்கள். ஜமக்காளத்தின் சிவப்புப் பட்டையைப் பெரிதாக்கிப் பாருங்கள். இழைக்கு இழை மேடும் பள்ளமும், இடையில் சின்ன நிழல்களும் தெரியும். சாச்சுரேஷனை இழுக்க இழுக்க சிவப்பு உச்சத்தில் முட்டி, அந்த நிழல்கள் எல்லாம் ஒன்றாகிவிடும். கைத்தறியில் நெய்த துணி, பெயின்ட் அடித்த பலகையாக மாறிப்போகும். நெய்தவரின் உழைப்பே அந்த இழைகளில்தான் இருக்கிறது, அதை அழித்துவிட்டு எதை விற்பது?

துணிக்குச் சொன்னது முகத்துக்கும் பொருந்தும். கல்யாணப் படம் என்றால் "பொண்ணைக் கொஞ்சம் கலரா பண்ணிடுங்க" என்று கேட்காத வீடு குறைவு. நான் செய்வதில்லை. நெற்றிச்சுட்டி நிழலோ பந்தல் நிழலோ முகத்தில் விழுந்திருந்தால், அந்த இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து வெளிச்சம் கூட்டுவேன். ஸ்னாப்சீட்டில் இதற்கு செலக்டிவ் என்ற கருவி இருக்கிறது. மாநிறம் மாநிறமாகவே இருக்கட்டும், வெளுக்க வைத்தால் கழுத்தும் கையும் வேறு ஆளுடையது போலத் தெரியும். பாஸ்போர்ட் விண்ணப்பப் படத்தில் இந்த வேலையே கூடாது.

இதையெல்லாம் செய்யும் திரையும் சரியாக இருக்க வேண்டும். ராத்திரியில் கண் கூசாமலிருக்கப் போடும் மஞ்சள் திரையை அணையுங்கள். டிஸ்ப்ளேயில் விவிட் என்று இருந்தால் நேச்சுரலுக்கு மாற்றுங்கள்.

எடுத்த மூலப் படத்தின் மேலேயே சேமிக்காதீர்கள், நகல் எடுத்து வேலை பாருங்கள். ஜேபெக்கை மாற்றி மாற்றிச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் தரம் குறையும். 4×6 அங்குலம் பிரின்ட் போட, அங்குலத்துக்கு 300 புள்ளி கணக்கில் 1,200×1,800 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும் என்பதால், பிரின்ட் போடும் கடைக்கு டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.