நொய்யலைக் கெடுத்தது நிறம் மட்டுமல்ல, உப்பு

திருப்பூரில் நொய்யல் பேச்சு வந்தாலே, சாயப்பட்டறைக் கழிவு கலந்து ஆறு ஒரு நாள் சிவப்பாகவும் மறுநாள் நீலமாகவும் ஓடிய கதையைத்தான் சொல்வார்கள். நிறம் கண்ணில் பட்டது, சரி. விவசாயக் காட்டையும் கிணற்றையும் பாழாக்கியதில் பெரும்பங்கு அந்தத் தண்ணீரில் கரைந்திருந்த உப்புக்குத்தான்.

சாயப்பட்டறையில் உப்பு எதற்கு? பருத்தி நூல் தண்ணீரில் நனைந்ததும் அதன் மேற்பரப்பு எதிர்மின் சுமை பெறுகிறது, பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் என்ற சாயவகைக்கும் அதே சுமைதான், அதனால் இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். சாதா உப்போ சோடியம் சல்பேட்டோ போட்டால் சோடியம் அயனிகள் அந்தத் தள்ளலைத் தணித்து, சாயம் நூலை நெருங்க வழிவிடும். அப்புறம் சோடா ஆஷ் என்ற காரத்தைச் சேர்த்ததும் சாயம் நூலோடு பிணைந்துவிடும். உப்பு துணியில் தங்காது. அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 60 கிராம் உப்பு, கிலோ துணிக்கு 8 லிட்டர் தண்ணீர் என்று கணக்கு வைத்தால், ஒரு கிலோ துணிக்குக் கிட்டத்தட்ட அரை கிலோ உப்பு வெளியே போகும்.

ஆரம்பத்தில் சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் போட்டு நிறத்தைப் படியவைத்தார்கள். தண்ணீர் தெளிந்தது, ஆனால் அதில் கரைந்திருக்கும் உப்பின் அளவான டிடிஎஸ் குறையவில்லை. சாக்கடைக் கழிவைப் பாக்டீரியா தின்று தீர்க்கும், உப்பைத் தின்ன எந்த உயிரும் இல்லை. அது அப்படியே போய் நொய்யலில் இருக்கும் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. பாசனத்துக்கென்று கட்டிய அணையில் தண்ணீர் தேக்கவே வேண்டாமென்று விவசாயிகள் போராட வேண்டி வந்ததை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. அந்தத் தண்ணீர் பாய்ந்தால் அதிலுள்ள சோடியம் மண்ணிலுள்ள கால்சியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடிக்கும், களிமண் துகள்கள் பிரிந்து துளைகளை அடைக்கும், மண் இறுகித் தண்ணீர் உள்ளே இறங்காது.

சாயக்கழிவு ஒரு சொட்டுக்கூட வெளியேறக் கூடாது என்று 2006-இல் உத்தரவு போட்ட சென்னை உயர் நீதிமன்றம், அது நடக்காததால் 2011 ஜனவரியில் பட்டறைகளை மூடச் சொன்னது. பல ஆயிரம் குடும்பங்களின் பிழைப்பு பாதித்தது உண்மை, ஆனாலும் அந்த உத்தரவு சரியானது என்றே நினைக்கிறேன். அதற்குப் பிறகுதான் பூஜ்ஜியக் கழிவு முறை இங்கே நிஜமாக வேரூன்றியது. முதலில் நுண்ணுயிர்த் தொட்டி, அப்புறம் சவ்வு வழியே தண்ணீரை அழுத்தி உப்பைப் பிரிக்கும் ஆர்ஓ, அதில் திரும்பக் கிடைக்கும் நல்ல தண்ணீர் மறுபடி பட்டறைக்கு. மிஞ்சும் கடும் உப்புநீர் எவாப்பரேட்டருக்குப் போகும்: அழுத்தத்தைக் குறைத்து, 100 டிகிரிக்குக் கீழேயே கொதிக்கவிட்டு, ஒரு கலனின் ஆவியால் அடுத்த கலனைச் சூடாக்குவார்கள். சல்பேட்டைத் தனியே படிகமாக்கி எடுத்தால் அதையும் சாயத்துக்கே பயன்படுத்தலாம்.

ஆற்றைப் பெருமழை கழுவிவிடும். கிணறுகள் அவ்வளவு சீக்கிரம் தேறாது, கொங்கு மண்ணுக்கு அடியில் இருப்பது கடினப்பாறை, அதன் வெடிப்புகளில் தங்கிய உப்பு மெதுவாகத்தான் வெளியேறும். கோவை, திருப்பூர் சாக்கடை வேறு இன்னும் ஆற்றில் கலக்கிறது. நொய்யலின் கிளையான நல்லாற்றில் இருக்கும் நஞ்சராயன் குளம் 2024-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது பெரிய ஆறுதல். ஆனால் எவாப்பரேட்டரில் கடைசியாக மிஞ்சும் கலப்பு உப்பைச் சாயத்துக்கும் பயன்படுத்த முடியாது, மண்ணிலும் கொட்ட முடியாது. மழைநீர் படாமல் மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் வைத்துக் காக்க வேண்டியிருக்கிறது.