மார்கழியில் நாய்க்கு ஸ்வெட்டர் வேண்டாம், துண்டு வேண்டும்

டிசம்பர் வந்தால் செல்லப்பிராணிக் கடைகளில் நாய் ஸ்வெட்டர் தொங்க ஆரம்பித்துவிடுகிறது. கூடவே காலுக்கு பூட்ஸ், உள்ளங்காலில் தடவ மெழுகு. இவையெல்லாம் பனி உறையும் ஊர்களுக்காகச் செய்யப்பட்டவை. மாஸ்கோவிலோ டொரண்டோவிலோ பூஜ்யத்துக்குக் கீழே 15, 20 டிகிரியில் நடக்கும் நாய்க்குக் காது நுனியும் வால் நுனியும் உறைந்து செத்துப்போகலாம். சாலைப் பனியைக் கரைக்கத் தூவும் உப்பு பாதத்தை அரித்துவிடும். சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான். ஜனவரி விடியலில் சாதாரணமாக 20, 21 இருக்கும். உடம்பு நன்றாக இருக்கும் நாய்க்கு, அது உலர்ந்திருக்கும் வரை, இதைவிடச் சொகுசான நேரம் ஆண்டில் கிடையாது.

உலர்ந்திருக்கும் வரை என்பதுதான் முக்கியம். அக்டோபரிலிருந்து ஜனவரி வரை வடசென்னையில் நாயைப் படுக்கவைப்பது குளிர் இல்லை, ஈரம். வடகிழக்குப் பருவமழையில் வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை, மணலி பக்கமெல்லாம் தண்ணீர் வடிய நாளாகும். வாக்கிங் போகும் நாய் அந்தத் தண்ணீரில்தான் கால் வைக்கிறது.

நாயின் உடல் வெப்பநிலை நம்முடையதைவிட அதிகம்: 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். சுற்றியுள்ள காற்று சுமார் 20 முதல் 30 டிகிரிக்குள் இருந்தால் கூடுதலாக எரிபொருள் செலவழிக்காமலே அது இந்தச் சூட்டைக் காத்துக்கொள்ளும். சைபீரியன் ஹஸ்கி போன்ற அடர்ந்த இரட்டை ரோம இனங்களுக்கு அந்த எல்லை இன்னும் கீழே. ஆகவே 21 டிகிரி விடியலில் ஸ்வெட்டர் போட்ட ஹஸ்கிக்கும் லேபுக்கும் (லேப்ரடார்) நாம் நன்மை செய்யவில்லை. நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. உடம்பைக் குளிர்விக்கும் வகை வியர்வைச் சுரப்பி உள்ளங்காலில்தான் உண்டு. சூட்டை வெளியேற்ற அதற்கு இருக்கும் முக்கிய வழி, நாக்கைத் தொங்கப் போட்டு இளைப்பது. இளைப்பு வேலை செய்ய வாயிலிருக்கும் ஈரம் ஆவியாக வேண்டும். மார்கழி விடியலில் கடலோரக் காற்றே ஈரத்தில் ஊறிக் கிடக்கிறது, ஆவியாவது மெதுவாகிறது. மேலே கம்பளியும் இருந்தால், குளிர்காலத்திலேயே நாய்க்குச் சூடு ஏறிவிடும். மூக்கு சப்பையான பக் நாய்களுக்கு இது இன்னும் ஆபத்து.

பாதத்துக்கும் பூட்ஸ் தேவையில்லை. 2011இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நாயின் உள்ளங்கால் ரத்தக்குழாய்களை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். உள்ளே வரும் தமனியைச் சுற்றி, திரும்பிப் போகும் சிரைகள் பின்னிக் கிடந்தன. உடம்பிலிருந்து வரும் சூடான ரத்தம், பாதத்தில் குளிர்ந்து திரும்பும் ரத்தத்தைப் போகிற வழியிலேயே சூடாக்கிவிடுகிறது. குளிர் பாதத்தோடு நின்றுபோகிறது, நெஞ்சுக்குள் வருவதில்லை. பனியிலேயே நிற்கும் ஏற்பாடு உள்ள காலுக்கு எண்ணூர் மணல் ஒரு பொருட்டில்லை.

இனி ஈரத்துக்கு வருவோம். ரோமம் சூடு தருவதில்லை. இடையே அசையாத காற்றைப் பிடித்துவைக்கிறது, அந்தக் காற்றுதான் போர்வை. நனைந்ததும் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிடும். தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அத்தோடு முடியவில்லை. ஒரு மில்லி தண்ணீர் ஆவியாகச் சுமார் 580 கலோரி வெப்பம் வேண்டும். அதில் பெரும்பங்கு நாயின் தோலிலிருந்து போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான்.

10 கிலோ நாய் சும்மா படுத்திருக்கும்போது மணிக்கு சுமார் 16 கிலோகலோரி வெப்பம் உண்டாக்கும். அதன் ரோமத்தில் 100 மில்லி தண்ணீர் தங்கினால், அது முழுக்க ஆவியாக 58 கிலோகலோரி தேவை. கொஞ்சம் காற்றிலிருந்து வரும் என்றாலும், மூன்றரை மணி நேர உடற்சூட்டுக்குச் சமமான கணக்கு இது. மாடியில் தகரக் கொட்டகைக்குக் கீழே, கடல்காற்று வீச, ஈரத்தோடு கட்டிப்போட்ட நாய் 21 டிகிரியிலும் நடுங்குவது இதனால்தான். குட்டிகளும் சிறிய இனங்களும் முதலில் நடுங்கும், ஏனென்றால் எடைக்கு ஏற்ற பங்கைவிட அவற்றுக்குத் தோல் பரப்பு அதிகம். கிழ நாய்க்கும் ஒல்லி நாய்க்கும் தோலடிக் கொழுப்பு குறைவு. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம் நாய்களுக்கு ரோமம் குட்டையாக, ஒற்றை அடுக்காக இருப்பதால் தண்ணீர் அதிகம் தங்காது. ஆனால் அடியில் தடுப்பும் இல்லை, உடனே தோல் நனைந்துவிடும். லேபுக்கும் பொமரேனியனுக்கும் நேர்மாறு: மேலே துடைத்தால் காய்ந்த மாதிரி இருக்கும், அடிரோமம் மணிக்கணக்கில் ஈரமாகவே இருக்கும்.

இதற்கு நாயே ஒரு வழி வைத்திருக்கிறது: உதறல். ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் பல விலங்குகளை நனைத்து, அதிவேக கேமராவில் படம் பிடித்து 2012இல் வெளியிட்டார்கள். லேப்ரடார் விநாடிக்கு நாலு தடவைக்கு மேல் இங்குமங்கும் சுழன்று உதறுகிறது, சுண்டெலி கிட்டத்தட்ட 30 தடவை. உடம்பு சிறியதாக இருந்தால் துளியைத் தெறிக்கவைக்க அதிக வேகம் வேண்டும், அந்தக் கணக்கு விலங்குகளின் உடம்பிலேயே இருக்கிறது. நாயின் தோல் தளர்வாக இருப்பதும் இங்கே உதவுகிறது: முதுகெலும்பு திரும்பும் கோணத்தைவிடத் தோல் அதிகம் வீசப்படுகிறது. சில விநாடிகளில் சுமார் 70 சதவீதத் தண்ணீர் போய்விடும். எனவே வீட்டு வாசலில் நாய் உதறும்போது அதட்டாதீர்கள். மூன்று நான்கு முறை உதறவிட்டு, பிறகு துண்டை எடுங்கள்.

மீதி 30 சதவீதம்தான் உங்கள் வேலை. பருத்தித் துண்டு இரண்டு வேண்டும். முதல் துண்டால் தேய்க்காமல் அழுத்தி அழுத்தி ஒற்ற வேண்டும். தேய்த்தால் ரோமம் சிக்காகி, ஈரம் அடியில் மாட்டிக்கொள்ளும். இரண்டாவதால் வயிறு, தொடையிடுக்கு, வாலடி, காது மடலின் உட்புறம். கடைசியாக ஒவ்வொரு விரலிடுக்கும். விரலிடுக்கில் தங்கும் ஈரத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகும். நாய் ஓயாமல் பாதத்தை நக்கி, அந்த இடம் பழுப்பேறி நாற்றமடித்தால் அது ஏற்கெனவே தொடங்கிவிட்டது. ஹேர் டிரையர் போடுவதானால் குறைந்த சூட்டில், ஒரு முழம் தள்ளிப் பிடித்து, உங்கள் இன்னொரு கை காற்றின் வழியில் இருக்கட்டும். கைக்குச் சுட்டால் நாய்க்கும் சுடும்.

மழைக்கோட்டு தண்ணீர் ஒட்டாத துணியில், வயிற்றுப் பக்கம் திறந்திருப்பதாக இருந்தால் நல்லது. வீடு வந்ததும் கழற்றிவிட வேண்டும். நனைந்த பருத்தி ஸ்வெட்டரைப் போட்டுவைப்பதைவிட வெறும் உடம்பு எவ்வளவோ மேல், ஏனென்றால் அந்தத் துணி ஈரத்தைத் தோலோடு ஒட்டிவைக்கும்.

தண்ணீருக்குள் இருப்பவை

ஓட்டேரி நல்லாவும் கேப்டன் காட்டன் கால்வாயும் பக்கிங்ஹாம் கால்வாயும் நிரம்பித் தெருவுக்கு வரும்போது, எலி வளைகளும் நிரம்புகின்றன. எலிச் சிறுநீரில் உள்ள லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியா தேங்கிய தண்ணீரிலும் ஈர மண்ணிலும் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். காய்ந்தால் செத்துவிடும். எலிக்காய்ச்சல் வருவது இதனால்தான். நாய் அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டும் என்றுகூட இல்லை. கண், மூக்கு, வாய்ச் சவ்வு, சிறு கீறல், நெடுநேரம் ஊறி இளகிய தோல், எது வழியாகவும் உள்ளே போகும். ஊறிய உள்ளங்கால் மென்மையாகிவிடுவதால் கண்ணாடிச் சில்லும் தகரமும் எளிதில் கிழிக்கும், அந்தக் கிழிசல் பாக்டீரியாவுக்குக் கதவாகிவிடும். எனவே முழங்கால் நனையும் தண்ணீர் என்றால் வேறு தெரு பாருங்கள், அல்லது அன்று மொட்டை மாடியோடு முடித்துக்கொள்ளுங்கள்.

எலிக்காய்ச்சல் தடுப்பூசி முதல் முறை போடும்போது சில வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு ஆண்டுக்கு ஒன்று. மழை தொடங்கிய பிறகு போட்டால் முழுப் பலன் வரச் சமயம் போதாது. ஆகஸ்ட், செப்டம்பரில் முடித்துவிட வேண்டும். ஊசியில் உள்ள வகைகளுக்கு மட்டுமே அது காப்பு. ஆகவே ஊசி போட்ட நாயையும் வெள்ளத்தில் இறக்கிவிடக் கூடாது.

வெள்ளம் வடிந்ததும் தெருவில் பிளீச்சிங் பவுடர் தூவுவார்கள். பனி ஊர்களில் பாதத்துக்கு உப்பு செய்யும் கெடுதலை இங்கே அது செய்கிறது. ஈரத்தில் கரைந்ததும் கடும் காரமாகி, இளகிய பாதத்தை எரிக்கும். வீட்டுக்கு வந்து நாய் நக்கினால் வாயும் தொண்டையும் புண்ணாகும். வெறும் தண்ணீரில் நாலு பாதத்தையும் விரல் விரித்துக் கழுவினால் போதும். டெட்டாலும் பினாயிலும் வேண்டாம்.

மாதவரம், மணலி, எண்ணூர் விரைவுச்சாலைப் பக்கம் கன்டெய்னர் லாரிகள் நிற்குமிடங்களில் பச்சை நிறத்தில் தேங்கியிருக்கும் திரவத்தைப் பார்த்தால் சங்கிலியைச் சுருக்கிப் பிடியுங்கள். ரேடியேட்டர் கூலன்ட் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால். இனிக்கும். நாயின் எடையில் கிலோவுக்கு 4 முதல் 6 மில்லி போனாலே சிறுநீரகம் போய் உயிரும் போகலாம். முதலில் போதை ஏறியதுபோலத் தள்ளாடும், பிறகு தெளிந்தமாதிரி தெரியும். அந்தத் தெளிவை நம்பிக் காத்திருக்கக் கூடாது, மாற்று மருந்து முதல் 8 மணி நேரத்துக்குள் போக வேண்டும். எண்ணெயும் அப்படியே கவனிக்க வேண்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகம் வரை எண்ணெய் பரவியதைப் பார்த்தோம். ரோமத்தில் எண்ணெய் ஒட்டினால் காற்றுப் போர்வை போய்விடும், நக்கினால் நுரையீரல் வரை கெடும். பாத்திரம் கழுவும் திரவச் சோப்பு கொஞ்சம் போட்டு வெதுவெதுப்பான நீரில் அலசுங்கள். அதுவரை கழுத்தில் கூம்பு மாட்டி நக்கவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பில்லர் பாக்ஸ்

நாய்க்குக் கம்பத்தையும் மின்பெட்டியையும் முகர்ந்து காலைத் தூக்காமல் இருக்க முடியாது. மழைக்காலத்தில் இந்தப் பழக்கத்தைத் தடுப்பதுதான் நாம் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி. மின்கசிவு உள்ள பில்லர் பாக்ஸை, அதாவது தெருவோர மின்பெட்டியைச் சுற்றித் தண்ணீர் தேங்கினால், மின்னழுத்தம் பெட்டியருகே அதிகமாகவும் தள்ளிப் போகப் போகக் குறைவாகவும் இருக்கும். நாயின் முன்காலும் பின்காலும் வெவ்வேறு அழுத்தத்தில் நிற்கும். அந்த வித்தியாசம் அதன் உடம்பு வழியே ஓடும். மனிதருக்கு மின்சாரம் ஒரு காலில் ஏறி மறுகாலில் இறங்குகிறது, காலில் ரப்பர் செருப்பும் இருக்கிறது. நாய்க்கு வெறும் ஈரப் பாதம், மின்சாரம் போகும் வழியில் இதயம். நமக்குச் சுருக்கென்றுகூடப் படாத கசிவு நாயைக் கொல்வது இதனால்தான்.

மழை மாதங்களில் இரும்புச் சங்கிலியை எடுத்து வைத்துவிட்டு நைலான் பெல்ட் பயன்படுத்துங்கள். ஈர நைலானும் முழுக் காப்பு இல்லை, ஆனால் சங்கிலியைவிட எவ்வளவோ மேல். தண்ணீர் சூழ்ந்த கம்பத்திலிருந்து சில மீட்டராவது தள்ளி நடங்கள். நாய் திடீரென்று கத்தித் துள்ளினாலோ விழுந்தாலோ ஓடிப்போய்த் தூக்காதீர்கள். இரண்டு பாதமும் தரையை விட்டு எழாமல் சிறு சிறு அடியாக நகர்ந்து பின்வாங்கி, மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லி மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். கண்முன்னே கிடக்கும் நாயை எட்டப் பார்த்து நிற்பது நெஞ்சை அறுக்கும்தான். ஆனால் தொட்டால் அடுத்து விழுவது நீங்கள்.

போகியன்று விடியலில் வாக்கிங்கே வேண்டாம். அந்நேரம் தரையை ஒட்டிய காற்று மேலிருப்பதைவிடக் குளிர்ந்து கனமாக இருப்பதால் புகை எழும்பாமல் அப்படியே தங்கும். 2018 போகியில் விமானங்களே தரையிறங்க முடியாமல் தடுமாறின. நாயின் மூக்கு தரையிலிருந்து ஒரு முழத்தில் இருக்கிறது. வெயில் ஏறிக் காற்று கலைந்த பிறகு, 9 மணிக்கு மேல் போகலாம்.

நடுக்கம் நிற்காவிட்டால்

நனைந்து வந்த நாயைத் துவட்டிய பிறகு அரை மணி நேரத்தில் நடுக்கம் அடங்க வேண்டும். அடங்காமல் சுருண்டு படுத்து, ஈறு வெளுத்து, கூப்பிட்டால் எழாவிட்டால் டிஜிட்டல் தெர்மாமீட்டரின் முனையில் வாஸ்லின் தடவி ஆசனவாயில் ஓரங்குலம் வைத்துப் பாருங்கள். 37 டிகிரிக்குக் கீழே இருந்தால் சூடேற்ற வேண்டும்: உலர்ந்த போர்வை, வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி வயிற்றோரம். வெறும் பாட்டிலைத் தோலில் வைத்தால் கொப்பளிக்கும். சூடேற்றியபடியே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். நீலகிரித் தைலம், கற்பூரம், நெஞ்சில் தடவும் களிம்பு எதுவும் கூடாது. நாய் நக்கும், கற்பூரம் அதற்கு நஞ்சு. பாராசிட்டமாலும் கொடுக்காதீர்கள்.

குளிர் நீங்கிய பிறகும் இரண்டு வாரம் கவனம் வேண்டும். எலிக்காய்ச்சல் பெரும்பாலும் ஒரு வாரம் முன்பின்னாகத்தான் தலைகாட்டும்: காய்ச்சல், வாந்தி, தொட்டால் வலியில் முனகுவது, சிறுநீர் திடீரென்று கூடுவது அல்லது நின்றுபோவது, கண்ணில் மஞ்சள். மூத்திரத்தைத் துடைக்கும்போது கையுறை போடுங்கள், அது நமக்கும் தொற்றும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ பக்கத்து மருத்துவரிடமோ போனதும் முதலில் சொல்ல வேண்டியது, நாய் எந்தத் தேதியில், எந்தத் தண்ணீரில் நின்றது என்பது. ரத்தமும் சிறுநீரும் ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன்பே எடுக்கச் சொல்லுங்கள். மருந்து உள்ளே போன பிறகு எடுத்த மாதிரியில் கிருமி சிக்காமல் போகலாம்.