நரைத்த பம்பரில் கருப்பு அப்படியேதான் இருக்கிறது

பல வருடம் வெயிலில் நின்று சாம்பல் பூத்துப்போன காரின் கருப்பு பம்பரை ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் போதும், சட்டென்று புதிது போலக் கருத்துவிடும். ஈரம் காய்ந்ததும் பழையபடி நரைத்துவிடும். தண்ணீரில் சாயம் எதுவும் கிடையாது. அப்படியானால் பம்பர் இழந்தது நிறத்தை இல்லை.

இந்த பிளாஸ்டிக்கைக் கருப்பாக்குவது கார்பன் பிளாக் எனப்படும் நுண்ணிய கரித்தூள். டயரிலும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியிலும் இருப்பது இதே பொருள்தான். துணிச் சாயத்தை வெயில் சிதைப்பதுபோலக் கரியைச் சிதைக்க முடியாது. வெயில் சிதைப்பது அந்தக் கரியைச் சுமந்திருக்கும் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கை.

பாலிபுரொப்பிலீன் ஒரு நீண்ட கார்பன் சங்கிலி. அதில் ஒன்றுவிட்டு ஒரு கார்பனில் பக்கக் கிளை இருக்கிறது. அந்தக் கிளை முளைக்கும் இடத்தில் உள்ள ஹைட்ரஜன் எளிதில் கழன்றுவிடும். புற ஊதாக் கதிர் பட்டு அது கழன்றதும், காற்றிலுள்ள ஆக்சிஜன் வந்து ஒட்டிக்கொள்கிறது; பெராக்சைடுகள் உருவாகின்றன; அவை உடையும்போது சங்கிலியும் அறுகிறது. அறுந்த துண்டுகள் நெருக்கமாக அடுக்கிக்கொள்வதால் மேற்பரப்பு சுருங்குகிறது. கீழே உள்ள அடுக்கு சுருங்குவதில்லை. இந்த இழுபறியில்தான் மேலே கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழுகின்றன. வேலையை வேகப்படுத்த வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. கோடை வெயிலில் கருப்பு பிளாஸ்டிக் தொட்டால் சுடும் அளவுக்குக் காய்வது எல்லோருக்கும் தெரிந்ததே. வைப்பருக்குக் கீழே உள்ள பட்டை, பக்கவாட்டுக் கண்ணாடியின் பிளாஸ்டிக் மூடியின் மேல்பக்கம், ரூஃப் ரயில், பம்பரின் மேல் விளிம்பு என வானத்தைப் பார்த்துக் கிடக்கும் பாகங்கள் முதலில் வெளுப்பது இதனால்தான். கதவின் கீழ்ப்பகுதியை மூடியிருக்கும் பிளாஸ்டிக் பட்டையான கிளாடிங் கடைசியில்தான் கெடும்.

ஆலையில் இதற்குத் தடுப்பு சேர்க்காமல் இல்லை. கரித்தூளே புற ஊதாவை விழுங்கும். கூடவே, கழன்று திரியும் மூலக்கூறுத் துண்டுகளைப் பிடித்து அடக்கும் ஒளி நிலைப்படுத்திகளும் கலக்கிறார்கள். நிலைப்படுத்தி மேற்பரப்பில் தீர்ந்த பிறகு சிதைவு தொடங்கும். ஆனால் கரி இருப்பதால் கதிர் ஆழம்வரை போகாது. காயம் மேல்தோலோடு நிற்கிறது. பழைய பம்பரைச் சரிசெய்ய முடிகிறதென்றால் இந்த ஒரு காரணத்தால்தான்.

இனி அந்தச் சாம்பல் நிறம். ஒளி ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும்போது, இரண்டின் ஒளிவிலகல் எண் (ஒரு பொருளுக்குள் ஒளியின் வேகம் எவ்வளவு குறைகிறது என்று காட்டும் எண்) எவ்வளவு வேறுபடுகிறதோ அவ்வளவு ஒளி திரும்பி வரும். காற்றுக்கு 1, பாலிபுரொப்பிலீனுக்கு ஏறத்தாழ 1.49. இந்த எல்லையில் நேராக விழும் ஒளியில் சுமார் 4 சதவீதம் திரும்புகிறது. வழவழப்பான பரப்பில் இப்படி ஒரே ஓர் எல்லை, அதனால் கருப்பு. ஆயிரக்கணக்கான வெடிப்புகள் இருந்தால் ஆயிரக்கணக்கான எல்லைகள். ஒவ்வொன்றும் கொஞ்சம் ஒளியைக் கண்டபடி சிதறடிக்கிறது. ஒளி கரியை அடைந்து அடங்குவதற்கு முன்பே வெளியே வந்துவிடுகிறது. நொறுக்கிய கண்ணாடி வெள்ளையாகத் தெரிவதும் இப்படித்தான். போதாக்குறைக்கு, விறைப்புக்காகச் சேர்த்த டால்க் தூளும் பிளாஸ்டிக் அரித்துப்போன இடத்தில் வெளியே தலைகாட்டுகிறது. வெள்ளைத் துணியால் உலர்வாகத் தேய்த்தால் தூள் ஒட்டுவது அதனால்.

வெடிப்புக்குள் தண்ணீர் புகுந்தால் கணக்கு மாறுகிறது. தண்ணீரின் எண் 1.33, ஓர் எல்லையில் திரும்பும் ஒளி 4 சதவீதத்திலிருந்து 0.3 சதவீதமாக இறங்கும். சிலிக்கான் எண்ணெய்க்கு எண் சுமார் 1.40, அதில் 0.1 சதவீதம்தான். ஆக, சந்தையில் விற்கும் எல்லா வைத்தியமும் ஒரே வேலையைச் செய்கின்றன: வெடிப்பிலிருந்து காற்றை வெளியேற்றுவது. எது எவ்வளவு நாள் உள்ளே தங்கும் என்பதில்தான் வித்தியாசம்.

எதையும் பூசுவதற்கு முன் ஒரு சோதனை. வெள்ளை எல்லாம் வெயில் வெள்ளை இல்லை. பெயின்ட் பாலிஷ் அல்லது மெழுகு, பிளாஸ்டிக்கின் சொரசொரப்பில் சிக்கிக் காய்ந்தால் விளிம்போரமாகத் திட்டுத்திட்டாக வெளுத்திருக்கும். ஆல்கஹால் தொட்டு மென்மையான பிரஷ்ஷால் தேய்த்தால் வந்துவிடும். போர்வெல் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்ட வண்டியில் சொட்டுச் சொட்டாக உப்புக்கறை இருக்கும். அதற்கு வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து ஒரு நிமிடம் ஊறவைத்துக் கழுவ வேண்டும். இவை இரண்டும் போன பிறகு மிஞ்சும் நரைதான் உண்மையான சிதைவு.

பூச்சு நிலைக்குமா உரியுமா என்பதில் பெரும்பங்கு சுத்தம் செய்வதில் இருக்கிறது. அவசரப்படுகிறவர்கள் கோட்டை விடுவதும் இங்கேதான். கார் ஷாம்பு போட்டுக் கழுவிய பின், எல்லாவற்றுக்கும் பயன்படும் கிளீனரை 1:10 விகிதத்தில் கலந்து நைலான் பிரஷ்ஷால் வட்டமாகத் தேய்க்க வேண்டும். நுரை அழுக்கு நிறமாக வருவது நிற்கும்வரை இரண்டு மூன்று முறை. தூள் உதிரும் பம்பராக இருந்தால் நைசான ஸ்காட்ச்-பிரைட் தேவைப்படும். உதிரும் தூளின் மேல் பூசினால் பூச்சு தூளைத்தான் பிடித்துக்கொள்ளும். தூளோடு சேர்ந்தே உதிரும். நன்றாகக் காய்ந்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சம பங்கு கலந்து துடைக்க வேண்டும். கைக்குப் போடும் சானிடைசர் இதற்கு உதவாது. அதிலுள்ள கிளிசரின் ஒரு படலத்தை விட்டுப்போகும். தின்னர் பக்கமே போக வேண்டாம். பாலிபுரொப்பிலீன் தாங்கினாலும், சில கண்ணாடி மூடிகளும் கிரில்களும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கால் ஆனவை. தின்னர் ஏபிஎஸ்ஸைக் கரைத்துவிடும். பாகத்தின் உட்புறத்தில் இரு அம்புக்குறிகளுக்கு நடுவே வகை அச்சிட்டிருக்கும். பிபி, இபிடிஎம், டி20 என்றிருந்தால் ரப்பரும் 20 சதவீதம் டால்க்கும் கலந்த பாலிபுரொப்பிலீன் என்று பொருள்.

வீட்டு வைத்தியத்தில் முதலிடம் தேங்காய் எண்ணெய்க்கு. பூசியவுடன் கருப்பு கண்ணைப் பறிக்கும். ஆனால் அதன் கொழுப்பில் பெரும்பகுதி நிறைவுற்றது. காற்றில் எவ்வளவு காலம் இருந்தாலும் உலர்ந்து படலமாகாது. தூசியைப் பிடித்துவைக்கும், மழையில் வழியும். ஆளிவிதை எண்ணெய் இதற்கு நேர்மாறு, ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கெட்டிப்படும். அதனால் கூடுதல் நாள் நிற்கும். ஒரு எச்சரிக்கை: அந்த எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். விரித்துக் காயவைத்துத்தான் வீச வேண்டும். டீசலும் மண்ணெண்ணெயும் மோசமான யோசனை. அவை பிளாஸ்டிக்கை ஊதவைத்து வெடிப்பை மூடிக் காட்டும். பக்கத்திலிருக்கும் கதவு ரப்பரையும் ஊதவைத்துக் கெடுக்கும்.

டேஷ்போர்டு பாலிஷ் என்று விற்கும் பால் போன்ற திரவம், தண்ணீரில் கலந்த சிலிக்கான் எண்ணெய். மாதத்துக்கு ஒருமுறை பூசச் சலிப்பில்லாதவர்களுக்கு அதில் தவறில்லை. ஆனால் பின்னால் பெயின்ட் அடிக்கும் எண்ணம் இருந்தால் இதைத் தொடவே கூடாது. மிஞ்சிய சிலிக்கான் மீது விழும் பெயின்ட் விலகி ஓடி, சிறு சிறு குழிகளாக நிற்கும்.

நீடித்து நிற்பது செராமிக் வகைப் பூச்சு. அதிலுள்ள சிலிக்கான் சேர்மங்கள் காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து கெட்டியான வலையாகின்றன, கழுவினால் போகாது. நன்றாகப் பூசினால் ஒரு வருடத்துக்கு மேல் எதிர்பார்க்கலாம். ஒரு சிறிய காருக்கு 30 மில்லி பாட்டில் தாராளம். பெயின்ட் விளிம்பில் மாஸ்கிங் டேப் ஒட்டி, நிழலில், கை வைத்தால் சூடு தெரியாத பரப்பில் வேலை செய்ய வேண்டும். ஸ்பாஞ்சில் ஐந்தாறு சொட்டு. ஒரு முழ நீளப் பகுதியை மட்டும் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்து, இரண்டு மூன்று நிமிடத்தில் மிச்சத்தை மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் இன்னும் சீக்கிரமாகவே இறுகத் தொடங்கும். ஒற்றாமல் விட்ட இடம் பளபளவென்று திட்டாகி நிற்கும். பிறகு தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து இரண்டாம் பூச்சு. 24 மணி நேரம் தண்ணீர் படக்கூடாது.

சூடான காற்றை ஊதும் ஹீட் கன் வைத்தியம் வீடியோக்களில் மந்திரம் போலத் தெரியும். உள்ளேயிருந்து எண்ணெய் வெளியே வருகிறது என்று சொல்வார்கள், அப்படியெல்லாம் இல்லை. பாலிபுரொப்பிலீன் சுமார் 165 டிகிரியில் உருகும். மேல்தோல் உருகி வெடிப்புகள் மூடிக்கொள்கின்றன. சாம்பல் கருப்பாக மாறிய நொடியே கையை நகர்த்த வேண்டும். நின்றால் சொரசொரப்பு அழிந்து பளபளக்கும், அல்லது பாகமே வளையும். ஏபிஎஸ் பாகத்தில் இது கூடவே கூடாது: அதற்கு உருகுநிலை இல்லை, 105 டிகிரி அளவிலேயே இளகிக் கோணலாகிவிடும். வைப்பர் பட்டையைக் கழற்றாமல் சூடுகாட்டினால் முன்கண்ணாடி விரிசல் விடக்கூடும். இவ்வளவு கவனமாகச் செய்தாலும் தீர்ந்துபோன நிலைப்படுத்தி திரும்பி வராது, சிதைந்த மூலக்கூறுகளும் அங்கேயே இருக்கும். மேலே பூச்சு போடாவிட்டால் சில மாதங்களில் மறுபடி நரைக்கும்.

ஆழமாகக் கீறிய பம்பருக்கும் பிறர் சூடுகாட்டிக் கெடுத்த பம்பருக்கும் பெயின்ட்தான் வழி. பாலிபுரொப்பிலீனின் பரப்பு ஆற்றல் மிகக் குறைவு; சாதாரண பிரைமர் அதில் ஒட்டாமல் தோலாக உரியும். குளோரின் ஏற்றிய பாலியோலெஃபின் (பாலிபுரொப்பிலீன் சேர்ந்த பிளாஸ்டிக் குடும்பம்) கலந்த ஒட்டுப் பிரைமர் அவசியம். 600 எண் உப்புத்தாளால் ஈரத்தேய்ப்பு, ஆல்கஹால் துடைப்பு, மெல்லிய ஒட்டுப் பிரைமர். டப்பாவில் போட்டிருக்கும் இடைவெளிக்குள் டிரிம்முக்கான மேட் கருப்பு ஸ்பிரே. ஒரே தடிமனான பூச்சுக்குப் பதில், பத்து நிமிட இடைவெளியில் மூன்று மெல்லிய பூச்சுகள். கடைசிப் பூச்சு இறுகுவதற்கு முன்பே டேப்பை உரித்துவிட வேண்டும். காய்ந்த பின் இழுத்தால் விளிம்பும் கூடவே கிழிந்து வரும்.