பார்டர்லைன் சுகர்: சொல்லும் பொருளும், கூடவே தீராத களைப்பும்

ரத்தப் பரிசோதனைத் தாளில் 108 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரக் குறி இருக்கும். மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு, ‘பார்டர்லைன்ல இருக்கு, பாத்துக்கங்க’ என்பார். எதைப் பார்த்துக்கொள்வது, இது வியாதியா இல்லையா என்பதெல்லாம் அந்தச் சொல்லில் இல்லை. ஏற்கெனவே மாதக்கணக்கில் விடாத களைப்போடு இருப்பவர்கள் அதைக் கேட்டதும், ‘ஓ, இதனாலதான் இவ்வளவு அசதியா’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வீட்டில் இருப்பவர்களும் அப்படியே சொல்கிறார்கள். பெரும்பாலும் அது தவறான முடிவு. ஏன் என்று புரிய, முதலில் அந்தச் சொல்லை எடுத்துப் பார்ப்போம்.

‘பார்டர்லைன் சுகர்’ பேச்சு வழக்கில் உள்ள பெயர். குறைந்தது எட்டு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் எடுத்த ரத்தத்தில் குளுக்கோஸ் ஒரு டெசிலிட்டருக்கு 100 முதல் 125 மில்லிகிராம் வரை இருந்தால் இந்தப் பெயர் வருகிறது. 126ஐத் தொட்டால் நீரிழிவு, அதையும் பொதுவாக இன்னொரு சோதனையில் உறுதி செய்த பிறகுதான் சொல்ல வேண்டும். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தால் 140 முதல் 199 வரை. மூன்று மாதச் சராசரி என்று சொல்கிறோமே, அந்த எச்பிஏ1சி சோதனையில் 5.7 முதல் 6.4 சதவீதம் வரை. இந்த மூன்றும் எப்போதும் ஒத்துப்போவதில்லை என்பதைக் கவனியுங்கள். ஒன்றில் பார்டர்லைன் என்று வருபவருக்கு இன்னொன்றில் சாதாரணமாக வருவது அன்றாடம் நடப்பதுதான்.

இந்தப் பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. ‘பார்டர்லைன் டயாபடீஸ்’, ‘மறைந்திருக்கும் நீரிழிவு’ என்று ஆளுக்கொரு பெயர் புழங்கிய காலத்தில், 1979இல் அமெரிக்காவின் தேசிய நீரிழிவுத் தரவுக் குழு அவற்றையெல்லாம் விட்டுவிட்டு ‘குளுக்கோஸ் தாங்குதிறன் குறைவு’ என்ற பெயருக்கு மாறியது. நோயே வராத ஒருவர் மேல் நோயாளி என்ற முத்திரை விழக்கூடாது என்பதும் அதற்கு ஒரு காரணம். ஆனாலும் மருத்துவர்கள் வாயிலும் நம் வாயிலும் அந்தப் பழைய பெயர்தான் நின்றுவிட்டது. 1997இல் வெறும் வயிற்றுச் சோதனைக்கும் ஒரு கீழ் வரம்பு வைத்தார்கள். அப்போது அது 110. 2003இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் அதை 100 ஆகக் குறைத்தது, உலக சுகாதார நிறுவனமோ 110இலேயே நின்றுவிட்டது. ஆக, 108 என்ற அதே எண் ஒரு ஆய்வகத்தின் தாளில் நட்சத்திரத்தோடும் இன்னொன்றில் நட்சத்திரம் இல்லாமலும் வர முடியும். 2002இல் சாதாரணம் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் 2004இல் அதே அளவோடு பார்டர்லைன் ஆகியிருப்பார்.

சரி, சொற்களின் வேருக்கு வருவோம். ‘சுகர்’ ஆங்கிலம், ‘சர்க்கரை’ தமிழ் என்று நினைக்கிறோம். இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை. சமஸ்கிருதத்தின் ‘சர்க்கரா’ என்ற சொல்லுக்குச் சரளை, பொடிக்கல் என்று பொருள். கல்கல்லாக இருப்பதால் இனிப்புக்கும் அதே பெயர் ஆனது. அந்தச் சொல் தமிழுக்குள் சர்க்கரையாக வந்தது. பாரசீகம், அரபு வழியாக ஐரோப்பாவுக்குப் போய் சுகர் ஆனது. ‘குளுக்கோஸ்’ 1838இல் பிரெஞ்சுக்காரர்கள் கிரேக்க வேரிலிருந்து உருவாக்கிய பெயர், இனிப்பு என்பதுதான் அதன் அடிப்பொருள். ‘டயாபடீஸ்’ கிரேக்கத்தில் ‘ஊடாகக் கடந்து போவது’, அதாவது குடித்த நீர் உடம்பில் தங்காமல் சிறுநீராக ஓடிவிடுவது.

நம்முடைய ‘நீரிழிவு’ இதே பொருளைத்தான் சொல்கிறது, ஆனால் பலர் அதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். இங்கே உள்ள ‘இழிவு’ கேவலம் என்ற பொருளில் வரவில்லை. இழிதல் என்றால் இறங்குதல், வழிந்து ஓடுதல். திருமுருகாற்றுப்படையின் முடிவில் ‘இழுமென இழிதரும் அருவி’ என்று வருகிறதே, அந்த இழிதல். நீர் இறங்கி ஓடும் நோய் நீரிழிவு. அழகான, மிகச் சரியான சொல், அதை வெட்கப்பட்டு ஒதுக்க வேண்டியதே இல்லை.

களைப்போடு இருப்பவர்களுக்கு இந்த வேர்ச்சொல் விளக்கம் நேரடியாகப் பயன்படும். ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறக்குறைய 180ஐத் தாண்டும்போதுதான் சிறுநீரகம் அதை மீட்டெடுக்க முடியாமல் சிறுநீரில் விடுகிறது. குளுக்கோஸ் தன்னோடு நீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் அடிக்கடி சிறுநீர், தாகம், எடைக் குறைவு, அப்புறம் அந்த அடித்துப் போட்டதுபோன்ற அசதி. 108இலோ 118இலோ நீர் இழிவதே இல்லை. பார்டர்லைன் அளவு பெரும்பாலானவர்களுக்கு எந்த அறிகுறியும் தராமல் இருப்பதற்கு இதுதான் காரணம். படுக்கையை விட்டு எழ முடியாத அளவுக்குக் களைப்பு இருந்து, வெறும் வயிற்றுச் சர்க்கரை 108 என்று வந்தால், களைப்புக்கான தேடலை அந்த எண்ணோடு முடித்துக்கொள்ளக் கூடாது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ‘சுகர் ஆரம்பம்’ என்ற ஒரு வார்த்தையில் தைராய்டும், ரத்தசோகையும், தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவதும் பார்க்கப்படாமலே போய்விடக்கூடும். கடைசியில் சொன்னது குறிப்பாக முக்கியம், பகல் முழுக்க அசதியையும் அதுவே தரும், சர்க்கரையையும் அதுவே மேலே தள்ளும்.

இப்போது தமிழ்ச் சொல். ‘எல்லைக்கோட்டு நீரிழிவு’ என்று சிலர் எழுதுகிறார்கள். அதில் ‘நீரிழிவு’ என்று சொல்லிவிட்டு எல்லை என்பதில் அர்த்தமில்லை, கேட்பவர் காதில் நீரிழிவுதான் விழும். ‘விளிம்புநிலை’ வேண்டவே வேண்டாம், அது சமூகத்தில் ஒதுக்கப்பட்ட மக்களைக் குறிக்கும் சொல்லாக ஊன்றிவிட்டது. ‘முன்நீரிழிவு’ என்பது ‘ப்ரீடயாபடீஸ்’ என்ற மருத்துவப் பெயருக்குச் சரியான நிகர், எழுத்தில் அதையே பயன்படுத்தலாம். எனக்கு அதில் ஒரு குறை தெரிகிறது: ‘முன்’ என்றால் பின்னால் நிச்சயம் ஒன்று வரப்போகிறது என்று தோன்றும். இந்த நிலையில் இருப்பவர்கள் பலர் அப்படியே பல வருடங்கள் இருக்கிறார்கள், பலருக்குச் சாதாரண அளவுக்கே திரும்புகிறது. ஆகவே அளவைப் பற்றிப் பேசும்போது ‘வரம்பையொட்டிய சர்க்கரை’ என்பேன். வரம்பு என்றால் பழைய தமிழில் வயல் வரப்பு. கோட்டுக்கு அகலம் கிடையாது, வரப்புக்கு உண்டு. 100க்கும் 125க்கும் இடையே இருப்பதும் அகலமான இடம்தான், 101இல் இருப்பவரையும் 124இல் இருப்பவரையும் ஒன்றாக நினைக்க முடியாது.

களைப்பு பக்கமும் சொல் சிக்கல் இருக்கிறது. உழைத்த பின் வருவது களைப்பு, உட்கார்ந்தால் போய்விடும். ஓய்வெடுத்தும் போகாததை நாம் அசதி, சோர்வு என்கிறோம். 1988இல் ‘க்ரானிக் ஃபெடீக் சிண்ட்ரோம்’ என்று மருத்துவம் பெயர் வைத்த நோயைத் தமிழில் ‘நாட்பட்ட சோர்வு நோய்’ என்றால் ஓரளவு சரியாக வரும். இதன் முக்கிய அடையாளம், சின்ன வேலை செய்தாலும் சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ உடம்பு மொத்தமாகச் சரிந்துவிடுவது. அதற்கு ‘உழைப்புக்குப் பிந்தைய சரிவு’ என்ற பெயர் பொருந்தும். களைப்பாக இருக்கும் எல்லோருக்கும் இந்த நோய் இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஆனால் இந்தச் சரிவு இருக்கிறதா என்பதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

ஏனென்றால் வரம்பையொட்டிய சர்க்கரைக்கு முதலில் வரும் அறிவுரை ‘நல்லா நடங்க’ என்பது. அது வெறும் வாய்வார்த்தை இல்லை. 2002இல் வெளியான அமெரிக்காவின் பெரிய தடுப்பு ஆய்வில், வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும் 7 சதவீத எடைக் குறைப்பும் இலக்காக வைத்தவர்களுக்கு நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. சரிவு இல்லாதவர் அதைத் தாராளமாகப் பின்பற்றலாம். சரிவு உள்ளவர் அதே அறிவுரையை அப்படியே எடுத்துக்கொண்டால் நாள்கணக்கில் படுத்த படுக்கையாகிவிடலாம். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021இல் நாட்பட்ட சோர்வு நோய்க்குப் படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. இவர்கள் சக்திக்குள் நிற்கும் சின்னச் சின்ன அசைவுகளோடு நிறுத்திக்கொண்டு, தூக்கத்தையும் சாப்பாட்டில் மாவுச்சத்தின் அளவையும் கவனிப்பதே நல்லது. நடக்காததைச் சோம்பல் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு: சோர்வே சர்க்கரையை ஏற்றும். சாப்பிட்ட குளுக்கோஸில் பெரும்பங்கை எடுத்துக்கொள்வது தசைகள்தான். நாள்கணக்கில் படுத்தே இருந்தால் அவை இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. தூக்கம் கெட்டாலும் அப்படித்தான். ஸ்டீராய்டு மருந்தும் காய்ச்சலும் அளவை உயர்த்தும்.

எண்ணையே சந்தேகிக்க வேண்டிய இடங்களும் இருக்கின்றன. வீட்டில் விரலில் குத்திப் பார்க்கும் கருவிக்கு, 100க்கு மேல் 15 சதவீதம் வரை கூடக் குறைய காட்டுவதைச் சர்வதேசத் தரமே அனுமதிக்கிறது. அது 110 காட்டினால் உண்மையான அளவு 95ஆகவும் இருக்கலாம், 125ஆகவும் இருக்கலாம். முடிவுக்கு வர ஆய்வகத்தில் நரம்பில் எடுத்த ரத்தம்தான் வேண்டும். அடுத்தது எச்பிஏ1சி: இரும்புச்சத்துக் குறைவு அதை உண்மையைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டும். அதே குறைவு களைப்பையும் தரும். எனவே ‘5.8, களைப்பு’ என்று சேர்ந்து வந்தால், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் சோதனை பார்த்தீர்களா என்று தயங்காமல் கேளுங்கள். குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சோதனைக்கு முன் மூன்று நாட்கள் மாவுச்சத்தைக் குறைக்காமல் வழக்கம்போலச் சாப்பிட்டிருக்க வேண்டும், பசியில்லாமல் அரைகுறையாகச் சாப்பிட்டுவிட்டுப் போனால் அளவு கூடுதலாகத் தெரியும்.

இந்த நிலையில் சிலருக்குச் சர்க்கரையைக் குறைக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை எழுதிக் கொடுப்பார்கள். நல்ல மருந்துதான். ஆனால் வருடக்கணக்கில் எடுத்தால் சிலருக்கு வைட்டமின் பி12 குறையும், அந்தக் குறையும் சோர்வாகத்தான் வெளிப்படும். ஏற்கெனவே சோர்வோடு இருப்பவர் மாத்திரை தொடங்கும் முன்பே பி12 அளவைப் பார்த்து எழுதி வைத்துக்கொண்டால், பின்னால் சோர்வு கூடும்போது ஒப்பிட்டுப் பார்க்க ஒரு எண் கையில் இருக்கும்.