சனிக்கிழமை மட்டாஞ்சேரிக்குப் போய் நிக்காதீங்க, ப்ளீஸ்

போன வாரமும் அதே போன். வெள்ளிக்கிழமை ராத்திரி கோயமுத்தூர்ல கார் எடுத்து சனிக்கிழமை காலைல பத்து மணிக்கு கொச்சி மட்டாஞ்சேரில யூதருங்க கும்பிடற பரதேசி சினகாக் வாசல்ல நின்னுக்கிட்டு, "சார், பூட்டியிருக்கே, என்ன பண்றது?"ன்னு ஒரு குடும்பம் கேக்கறாங்க. கூட வந்த அம்மா ரிட்டயர்டு ஹிஸ்டரி டீச்சர். வீடியோ கால்ல பாத்தேன், ஒரு கைல செருப்பக் கழட்டி வச்சுக்கிட்டு 1760-ல கட்டுன அந்த மணிக்கூண்டையே அண்ணாந்து பாத்துட்டு நிக்கறாங்க. எனக்கு மனசு ஆறவே இல்ல. கேரளா டூர் பிளான் பண்றதே என் தொழில், இந்த ஒரே விஷயத்த எத்தன தடவதான் சொல்றது?

வெள்ளி, சனி ரெண்டு நாளும் அங்க விசிட்டர்ஸ விடமாட்டாங்க. வெள்ளிக்கிழமை பொழுது சாஞ்சா ஷபாத் ஆரம்பம், சனிக்கிழமை ராத்திரி நட்சத்திரம் தெரியற வரைக்கும் ஓய்வு நாள். இத சொன்னா உடனே "டிக்கெட் குடுக்கற இடம்தானே, வாட்ச்மேனுக்கு ஏதாச்சும் குடுத்தா தொறக்கமாட்டாரா"ங்கறாங்க. அய்யா, டிக்கெட் குடுத்தா மியூசியம் ஆயிடுமா? 1568-ல கட்டுன கும்பிடற இடம்ங்க அது. நம்ம கோயில்ல உச்சிகாலம் முடிஞ்சு நடை சாத்திட்டா அர்ச்சகர்கிட்ட காசு நீட்டி தொறங்கன்னு கேப்போமா, சாயங்காலம் வரைக்கும் மண்டபத்துல உக்காந்திருப்போம்ல? இன்னொருத்தர் கேட்டாரு, "அங்க யூதருங்களே இல்லையாமே, அப்புறம் யாருக்காக மூடறாங்க?" முழு ஜெபத்துக்குப் பத்து ஆம்பளைங்க வேணும், உள்ளூர்ல இப்ப அத்தன பேர் இல்ல, வாஸ்தவம்தான். ஆள் கொறஞ்சா நாள் மாறிடுமா?

அதனால ஹோட்டல் போடறதுக்கு முன்னாடி காலண்டரப் பாருங்க. முக்கியமா காலாண்டு லீவுல போறவங்க. ரோஷ் ஹஷானா, யோம் கிப்பூர், சுக்கோத்னு அவங்க பெரிய பண்டிகை பலதும் செப்டம்பர், அக்டோபர்லதான் வரும், வருஷா வருஷம் தேதி மாறும், பண்டிகைக்கும் பூட்டுதான். மதியமும் கொஞ்ச நேரம் அடைப்பாங்க. பக்கத்துல இருக்கற மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை லீவு. கொச்சிக்கு வடக்க, பழைய முசிறிஸ் துறைமுகம் இருந்த பக்கம், சேந்தமங்கலம், பறவூர்ல இருக்கற மியூசியங்களுக்குத் திங்கக்கிழமை லீவு. இது மூணையும் வச்சுப் பாத்தா ஞாயிறு முசிறிஸ் பக்கம், திங்கள் மட்டாஞ்சேரின்னு போனாத்தான் சரியா வரும், ஒரு நாள் லீவு போடுங்க, வேற வழியில்ல.

ஞாயித்துக்கிழமை போறப்பவே நேரா கொச்சிக்கு விடாதீங்க. பரதேசி சினகாக் ஒண்ணப் பாத்தா முடிஞ்சதுன்னு நினைக்கறதும் தப்பு. பரதேசின்னா நாம திட்டற அர்த்தம் இல்ல, ஸ்பெயின் மாதிரி வெளிதேசத்துலருந்து பின்னாடி வந்தவங்க. அவங்களுக்கு ரொம்ப முன்னாடியே மலபாரி யூதருங்க இங்க இருந்தாங்க, அந்த பரதேசி சினகாக்லயே, அடிமையா இருந்து விடுதலையானவங்க வம்சத்துக்குச் சரிசமமா உக்கார எடமில்லன்னு, அந்த வம்சத்துல வந்த ஏ.பி. சேலம் சத்தியாகிரகமே இருந்திருக்காரு. சினகாக் இருக்கற ஜூ டவுன்ல அவர் பேர்ல ரோடு இருக்கு, அதுலயே நடந்து போய்ட்டு யாரும் கேக்கறதில்ல. சேந்தமங்கலம் போங்க, சினகாக் முன்னாடி ஒரு கல்லு நிக்குது பாருங்க, சாரா பத் இஸ்ரேல்னு ஒரு பொண்ணோட கல்லறைக் கல்லு, 1269. எழுநூத்தம்பது வருஷத்துக்கு மேல ஆன ஹீப்ரு எழுத்து, குனிஞ்சு பாத்தா இன்னும் கண்ணுக்குத் தெரியும். அங்கிருந்து பறவூர் சினகாக் பக்கம்தான். எர்ணாகுளம் மார்க்கெட் ரோட்டுல கடவும்பாகம் சினகாக் வெளிய பாத்தா செடிக்கடை, கலர்மீன் கடை மாதிரிதான் இருக்கும், கேட்டுட்டு உள்ள போங்க.

ஆயிரம் வருஷம் முன்னாடி சேர ராஜா பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு 72 உரிமை எழுதிக் குடுத்த செப்பேடு வட்டெழுத்துல இருக்குங்க. நம்ம ஊர் நடுகல்லுல இருக்கற அதே வட்டெழுத்து. அத தெரிஞ்சுக்கிட்டுப் போனீங்கன்னா யாரோ வெளிநாட்டுக்காரங்க கட்டடத்தப் பாக்கப் போற மாதிரி இருக்காது.

பரதேசி சினகாக் உள்ள செருப்பு கூடாது, அது கொச்சி யூதரோட வழக்கம். கால்ல படறது 1762-ல சைனாலருந்து வந்த கையால வரைஞ்ச நீல ஓடு, மெதுவா நடங்க, குழந்தைங்கள ஓட விடாதீங்க. அரை டிராயர், கையில்லாத டாப் வேண்டாம். போட்டோ எடுக்கக்கூடாதுன்னா எடுக்காதீங்க, ஒளிச்சு வச்சு எடுக்கறவங்களால மத்தவங்க எல்லாம் பேச்சு வாங்கறாங்க.

கடைசியா ஒண்ணு, இது கெஞ்சிக் கேக்கறேன். "சார், ஒரு யூதரக் காட்டுங்க"ன்னு கேக்காதீங்க. எம்ப்ராய்டரி கடை வச்சிருந்த சாரா கோஹன் பாட்டி ஜன்னலோரம் உக்காந்திருந்த காலத்துலயே ஜன்னல்ல தலைய விட்டு போட்டோ எடுத்துட்டு ஒரு வணக்கம் கூட சொல்லாம போனவங்க இருக்காங்க. பாட்டி 2019-ல 96 வயசுல போயிட்டாங்க. முக்கால்வாசிப் பேர் 1950-கள்லயே இஸ்ரேலுக்குக் குடிபோயிட்டாங்க, மிச்சம் இருக்கறது விரல் விட்டு எண்ணற அளவுதான். கதவத் தட்டாதீங்க.

அந்த டீச்சரம்மாவுக்கு அடுத்த மாசம் ஞாயிறு, திங்கள் போட்டுக் குடுத்திருக்கேன், பண்டிகைத் தேதியும் பாத்தாச்சு.