வளைபாதம்: ‘கிளப் ஃபுட்’டும் ‘பார் ஷூ’வும் தமிழில்

பிறந்த குழந்தையின் பாதம் உட்பக்கமாகத் திரும்பியிருந்தால் மருத்துவர் சீட்டில் ‘சி.டி.இ.வி.’ என்று எழுதுவார். செவிலியர் வாயில் அது ‘கிளப் ஃபுட்’. வீட்டுப் பெரியவர்களுக்குக் ‘கோணக்கால்’. மூன்றும் ஒன்றைத்தான் சொல்கின்றன. ஆனால் மூன்றையும் கேட்டுப் பெற்றோர் நினைத்துக்கொள்வது வேறு வேறு. எந்தப் பெயர் மனத்தில் பதிகிறதோ அதையொட்டியே சிகிச்சையும் நீள்கிறது, அல்லது பாதியில் நிற்கிறது.

தடி, குதிரை, கணு

ஆங்கிலத்தில் ‘கிளப்’ என்பதற்கு மூத்த பொருள் தடி. நுனி பருத்த உருட்டுக்கட்டை. மன்றம், சங்கம் என்ற பொருள் பின்னால் வந்தது. சிகிச்சையே பெறாமல் வளர்ந்தவர் பாதத்தின் வெளிவிளிம்பால் நடந்து நடந்து, அந்த இடம் காய்த்துத் தடித்து, கட்டையின் தலைபோல ஆகிவிடும். அதைப் பார்த்து வைத்த பெயர் இது. ஜெர்மானியர் சொல்லும் ‘க்ளும்ப்ஃபூஸ்’ என்பதிலும் கட்டி, திரளை என்ற பொருள்தான் இருக்கிறது. ஆக, ஒரு வாரக் குழந்தையின் மெத்தென்ற பாதத்துக்குப் பொருந்தாத பெயர். சிலர் ‘கட்டைக்கால்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்க்கிறார்கள்; தமிழில் அது மரக்கால் பொருத்தியவரைக் குறிக்கும். தவிர்ப்பது நல்லது.

சி.டி.இ.வி. என்பதன் விரிவு ‘கன்ஜெனிட்டல் டாலிப்பஸ் ஈக்வைனோவேரஸ்’. கன்ஜெனிட்டல் என்றால் பிறவியிலேயே உள்ளது. டாலிப்பஸ் என்பது இலத்தீனில் கணுவைக் குறிக்கும் ‘டாலஸ்’, பாதத்தைக் குறிக்கும் ‘பெஸ்’ இரண்டும் சேர்ந்த சொல்: கணுவை ஊன்றி நடப்பது போன்ற பாதம். ஈக்வைனஸ், ‘ஈக்வஸ்’ என்ற குதிரையிலிருந்து வந்தது. குதிரையின் குளம்பு அதன் விரல் நுனி. குதிகால் தரையைத் தொடாமல் மேலே நிற்கும். இந்தக் குழந்தைக்கும் குதிகால் மேலேறி, விரல்கள் கீழ்நோக்கி இருக்கும். வேரஸ் என்றால் உள்நோக்கி வளைந்தது.

உண்மையில் பாதத்தில் கோணல் நான்கு. உள்ளங்கால் குழிவு, முன்பாதம் உள்ளே திரும்புதல், குதிகால் உள்ளே சாய்தல், குதிகால் மேலேறல். மருத்துவ மாணவர்கள் இவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து ‘கேவ்’, அதாவது குகை, என்று நினைவில் வைக்கிறார்கள். நேராக்கும் வரிசையும் இதேதான்: குழிவு முதலில், ஏறிய குதிகால் கடைசியில். அவசரப்பட்டுப் பாதத்தை முதலிலேயே மேல்நோக்கி அழுத்தினால், இறுகிய குதிகால் இறங்காது. பாதம் நடுவில் மடிந்து, உள்ளங்கால் வெளிப்புறமாகப் புடைத்துவிடும். ‘தேய்த்து நீவினால் சரியாகிவிடும்’ என்று கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் இந்தத் தவறைத்தான் செய்கிறார்கள்.

கோணலா, முடமா, வளைவா

‘கோண்’ என்ற வேருக்கு வளைவு என்றே பொருள். கோணம், கோணல், கோணுதல் எல்லாம் அதன் கிளைகள். ஆகவே கோணக்கால் தவறான சொல் இல்லை. சிக்கல் ‘கால்’ என்ற பாதியில் இருக்கிறது. இடுப்பிலிருந்து விரல்வரை எல்லாமே நமக்குக் கால். சத்துக் குறைவால் முழங்கால் வில்லாக வளைந்த பிள்ளையையும் கோணக்கால் என்கிறோம். அதனால்தான் இந்தக் குழந்தைக்கும் காலை வெயில் காட்டு, கால்சியம் கொடு என்ற யோசனைகள் வருகின்றன. இங்கே முழங்காலுக்குக் கோளாறு இல்லை. சிக்கல் பாதத்தின் எலும்புகளிலும், அவற்றை இழுத்துப் பிடிக்கும் நார்களிலும் இருக்கிறது.

‘முடம்’ என்ற சொல்லுக்கும் முதலில் வளைவு என்ற பொருளே இருந்தது. வளைந்த தென்னையை நன்னூல் ‘முடத்தெங்கு’ என்கிறது. நட்டவர் வீட்டில் நின்று, சாய்ந்து, அயலார் வீட்டில் காய் போடும் மரம் அது. அந்தத் தென்னை காய்க்காத மரமல்ல. ஆனால் இன்று முடம் என்றால் நடக்க முடியாமை என்ற பொருளே நிற்கிறது. முதல் சில வாரங்களிலேயே சிகிச்சை தொடங்கினால் ஓடியாடப்போகிற குழந்தைக்கு அந்தச் சொல் வேண்டாம்.

எங்கள் பரிந்துரை ‘பிறவி வளைபாதம்’, சுருக்கமாக ‘வளைபாதம்’. இடம் எது என்பதைச் சொல்கிறது. வளைந்ததை மறுபடி வளைத்து நேராக்கலாம் என்பதற்கும் அதில் இடம் இருக்கிறது.

எல்லா வளைவும் ஒன்றல்ல

வகை தெரியாமல் சிகிச்சையை ஒப்பிட்டுப் பார்க்கக் கூடாது. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு 2 வாரத்தில் சரியாயிற்று என்றால் அது அநேகமாக நிலைவளைவாக இருந்திருக்கும். கருப்பையில் இடநெருக்கடியால் மடங்கிக் கிடந்த பாதம் அது. விரலால் தள்ளினால் நேர்நிலைக்கு வரும், குதிகாலும் இறங்கும். மெல்ல நீட்டிவிடும் பயிற்சியே அதற்குப் பெரும்பாலும் போதும். முன்பாதம் மட்டும் உள்ளே திரும்பி, குதிகால் ஒழுங்காக இருந்தால் அது வளைபாதமே அல்ல, வேறு கணக்கு.

உண்மையான வளைபாதம் கையால் தள்ளினால் முழுதாக நேராகாது. ஏறத்தாழ 1000 குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு இரு மடங்கு. பாதிப் பேருக்கு இரு பாதங்களிலும் இருக்கும். பெரும்பாலான குழந்தைகளுக்கு வேறு எந்தக் கோளாறும் இருக்காது. இந்த வகையை ‘இடியோபதிக்’ என்பார்கள்; கிரேக்கத்தில் ‘இடியோஸ்’ என்றால் தனக்கே உரியது. காரணம் வெளியே தேடிக் கிடைக்காதது என்று கொள்ளலாம். தமிழில் ‘தனிநிலை வளைபாதம்’. கர்ப்பிணி கிரகணத்தன்று வெளியே வந்ததற்கும் இதற்கும் தொடர்பில்லை. தாயைக் குற்றவாளியாக்கும் அந்தப் பேச்சை வீட்டில் முதல் நாளே நிறுத்திவிடுவது குழந்தைக்கும் நல்லது, ஏனென்றால் அடுத்த 4 ஆண்டுகளுக்குச் சிகிச்சையைச் சுமக்கப்போகிறவர் அநேகமாக அவர்தான்.

முதுகுத்தண்டு மூடாமல் பிறந்த குழந்தைக்கோ, பல மூட்டுகள் விறைத்துப் பிறந்த குழந்தைக்கோ வருவது ‘தொடர்நிலை வளைபாதம்’. இது முரண்டு பிடிக்கும்; பாதத்தை நேராக்கப் போடும் மாவுக்கட்டுகள் கூடும், திரும்பவும் வளையும் வாய்ப்பு அதிகம். அதனால்தான் மருத்துவர் பாதத்தைப் பார்க்க வந்த குழந்தையின் முதுகையும் இடுப்பையும் தடவிப் பார்க்கிறார்.

இன்னொன்று ‘சிக்கல் வளைபாதம்’. பாதம் குட்டையாக, கொழுகொழுவென்று, உள்ளங்காலின் குறுக்கே ஆழமான மடிப்போடு, பெருவிரல் மேல்நோக்கித் தூக்கியபடி இருக்கும். சில குழந்தைகள் இப்படியே பிறப்பதும் உண்டு. ஆனால் மாவுக்கட்டு நழுவி, நழுவிய கட்டுக்குள்ளேயே பாதம் நசுங்கிக் கிடந்ததால் உண்டாவதே அதிகம். கட்டுப் போட்டு வீட்டுக்கு வந்தபின் விரல்கள் உள்ளே போய் மறையத் தொடங்கினால், அடுத்த தேதிவரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விரல் நீலம் பாய்ந்தாலும், வெளிறிக் குளிர்ந்தாலும் அப்படியே.

பொன்செட்டி

தமிழ்க் காதுக்கு நம்மூர் நகைக்கடைப் பெயர்போல ஒலிக்கும் இக்னேசியோ பொன்செட்டி (1914–2009) ஸ்பெயினின் மெனோர்கா தீவில் பிறந்தவர். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். பாதத்தை அறுத்துத் திறந்து சரிசெய்வதே வழக்கமாக இருந்த காலத்தில், கையால் மெல்லத் திருப்பி, மாவுக்கட்டால் அந்த நிலையைப் பிடித்துவைக்கும் முறையை உருவாக்கினார். 5 முதல் 7 நாளுக்கு ஒருமுறை கட்டு மாறும். பெரும்பாலும் 5 அல்லது 6 கட்டுகள். விரலிலிருந்து தொடைவரை, முழங்கால் மடங்கிய நிலையில் போட வேண்டும். முழங்காலுக்குக் கீழே நின்றுபோகும் கட்டு நழுவிவிடும். பழைய கட்டை முந்தைய இரவே வீட்டில் ஊறவைத்துப் பிரித்துக்கொண்டு வருபவர்கள் உண்டு. அந்த ஓர் இரவில் பாதம் கொஞ்சம் பின்வாங்கிவிடும். மருத்துவமனையில் புதுக்கட்டுக்குச் சற்று முன் பிரிப்பதே சரி.

கடைசியில் குதிகால் மட்டும் இறங்காமல் நிற்கும். பெரும்பாலான குழந்தைகளுக்கு, கெண்டைத் தசையைக் குதிகாலோடு இணைக்கும் குதிநாணைச் சிறு துளை வழியாக வெட்டி, 3 வாரக் கட்டுப் போடுவார்கள். அந்த 3 வாரத்தில் நாண் நீளமாக வளர்ந்து சேர்ந்துகொள்ளும்.

தமிழ்நாட்டில் இந்தக் குழந்தைகள் 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே.யின் பிறவிக் குறைபாட்டுப் பட்டியலில் வருகிறார்கள். அந்த வழியாகவும் சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறார்கள்.

‘ஷூ’ என்ற பெயர் செய்யும் கெடுதல்

கட்டுப் பிரித்த அன்றே வருவது கம்பியால் இணைந்த இரண்டு காலணிகள். நம் மருத்துவமனைகளில் ‘பார் ஷூ’, ‘டி.பி. ஷூ’, ‘டெனிஸ் பிரவுன்’ என்றெல்லாம் வழங்கும். டெனிஸ் பிரவுன் ஆஸ்திரேலியாவில் பிறந்து இலண்டனில் பணியாற்றிய குழந்தை அறுவை மருத்துவர். அவர் 1930களில் கம்பியைப் பயன்படுத்தியது, குழந்தை உதைக்க உதைக்க வளைவு நேராகட்டும் என்று. பொன்செட்டி முறையிலோ பாதம் ஏற்கெனவே நேராகிவிட்டது. கம்பி அதைக் காக்க மட்டுமே. பெயர் அப்படியே நிற்க, வேலை மாறிவிட்டது.

இங்கேதான் ‘ஷூ’ என்ற சொல் ஏமாற்றுகிறது. ஷூ என்றால் நடக்கப் போடுவது. நடக்காத குழந்தைக்கு எதற்கு, பாதம்தான் நேராகிவிட்டதே என்று கழற்றிவிடுகிறார்கள். வளைவு திரும்பி வருவதற்கு முதல் காரணம் இதுதான். ஆங்கிலத்தில் இதை ‘பிரேஸ்’ என்பார்கள். அந்தச் சொல்லின் அடியில் இருப்பது ‘இரு கைகள்’ என்ற இலத்தீன் பொருள், கைகளால் பற்றிப்பிடித்தல். தமிழில் அதற்கு ஈடாக ‘அணை’ இருக்கிறது: அணைத்தலும் அணை, நீரைத் தடுத்து நிற்பதும் அணை. ‘பாத அணை’ என்று சொல்லிப் பாருங்கள். அணை கட்டியதால் ஆற்றின் வேகம் போய்விடுவதில்லை. பாதத்தை இழுக்கும் நார்களின் இறுக்கமும் 4, 5 வயதுவரை போகாது.

முதல் 3 மாதம் நாளுக்கு 23 மணி நேரம். அதன்பின் இரவும் பகல் தூக்கமுமாக 12 முதல் 14 மணி நேரம், 4 அல்லது 5 வயதுவரை. வளைந்திருந்த பாதம் 60 முதல் 70 பாகை வெளிநோக்கியும், ஒரு பாதம் மட்டும் வளைந்திருந்தால் நல்ல பாதம் 30 முதல் 40 பாகையும் இருக்கும்படி பொருத்துவார்கள். சிக்கல் வளைபாதத்துக்குக் கோணம் குறையும். இரு குதிகால்களுக்கும் இடைப்பட்ட தூரம் குழந்தையின் தோள் அகலம். கம்பி குட்டையாக இருந்தால் குழந்தைக்கு இடைஞ்சல். ‘எந்நேரமும் அழுகிறது’ என்றால் முதலில் இதை அளந்து பாருங்கள்.

முதல் இரண்டு இரவுகள்

அழும். வலியால் அல்ல, கால்களைத் தனித்தனியே உதைக்க முடியாத புதுமையால். அழும்போது கழற்றினால், அழுதால் கழலும் என்று குழந்தை கற்றுக்கொள்ளும்; பிறகு மீட்பது கடினம். கம்பியைப் பிடித்து இரு முழங்கால்களையும் சேர்த்து மடக்கி நீட்டி விளையாட்டுக் காட்டுங்கள். இரண்டு கால்களையும் ஒன்றாக உதைக்கலாம் என்பது பிடிபட்டதும் அழுகை அடங்கும்.

மாட்டும் முறை: பருத்திக் காலுறை, தையல் மடிப்பு உள்ளே உறுத்தாமல். முரண்டு பிடிக்கும் பாதம் முதலில். முழங்காலை மடக்கிப் பாதத்தை உள்ளே வைத்து, குதிகாலை அடிவரை இறக்கி, நடுப்பட்டையை முதலில் இறுக்குங்கள். குதிகாலைப் பிடித்துவைப்பது அதுதான். பிறகு காலை மேலும் கீழும் மெல்ல இழுத்துப் பாருங்கள். விரல்கள் முன்னும் பின்னும் போய்வந்தால் குதிகால் இறங்கவில்லை, மறுபடி மாட்டுங்கள். சரியாக அமர்ந்தபோது விரல்கள் எங்கே நிற்கின்றன என்று காலணியின் அடித்தோலில் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டால், இரவு இருட்டில் மாட்டுகிறவருக்கும் கண்டுபிடிக்க எளிது. பட்டையின் துளையை அடையாளமாக வைக்காதீர்கள். தோல் நாளடைவில் இழுபடும், போன மாதத் துளை இந்த மாதம் தளரும்.

நம் வீடுகளுக்கே உரிய சில தொல்லைகள் உண்டு. கொலுசு, கருப்புக் கயிறு இரண்டும் பட்டைக்கு அடியில் சிக்கிப் புண்ணாக்கும். கயிறு வேண்டுமென்றால் கையிலோ இடுப்பிலோ. எண்ணெய்க் குளியல் கழற்றி வைக்கும் ஒரு மணி நேரத்துக்குள் முடியட்டும். பாதத்தை மட்டும் நன்றாகத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் குதிகால் வழுக்கிக்கொண்டு ஏறும். சிவந்த இடத்தில் எண்ணெயோ களிம்போ கூடாது. தோல் ஊறி இன்னும் எளிதாக உரியும். புடவைத் தூளியில் துணி கால்களை நெருக்கும், கம்பியும் மாட்டிக்கொள்ளும். விரிப்பிலோ அகலமான தொட்டிலிலோ போடுங்கள். தூக்கி வைத்திருப்பவர் முகத்தில் கம்பி இடிக்கும், ஆகவே அதற்குப் பஞ்சு சுற்றித் துணியால் கட்டிக்கொள்வது நல்லது.

லேசான சிவப்பு சற்று நேரத்தில் மறைந்தால் பயமில்லை. குதிகாலின் பின்புறம் அழுத்தமாகச் சிவந்தாலோ கொப்புளம் வந்தாலோ, இறுக்கம் அதிகம் என்று நினைத்துத் தளர்த்திவிடுவார்கள். நேர்மாறாக, தளர்ந்த காலணிக்குள் குதிகால் ஏறியிறங்கி உரசுவதே அநேகமாகக் காரணம். கழன்றுகொண்டே இருந்தால் பட்டையை ஒரு துளை இறுக்கிப் பாருங்கள்; கயிறு கட்டும் வகையானால் மேலிருந்து கீழாகக் கோத்து முடிச்சை விரல் பக்கம் போடுங்கள், குழந்தையின் கைக்கு எட்டாது. கம்பியின் திருகாணிகளை அவ்வப்போது முடுக்குங்கள். விரல்கள் காலணியின் முன்விளிம்பைத் தாண்டி மடியத் தொடங்கினால் அடுத்த அளவு வாங்கும் காலம்.

இவ்வளவும் சரியாகச் செய்தும், நேற்றுவரை அடங்கியிருந்த பாதம் தினமும் காலணியிலிருந்து வெளியேறுகிறதென்றால் குழந்தையின் பிடிவாதம் என்று விட்டுவிடாதீர்கள். குதிகால் மேலேறத் தொடங்கியிருக்கலாம். வெறுங்காலில் முழங்காலை நீட்டிவைத்துப் பாதத்தை மேல்நோக்கித் தள்ளிப் பாருங்கள். முன்போல வராமல் இறுகி நின்றால் அது மறுவளைவின் தொடக்கம். அந்த வாரமே காட்டினால் மறுபடி ஒன்றிரண்டு மாவுக்கட்டுகளோடு பெரும்பாலும் பாதம் திரும்பிவிடும். அதன்பின் மறுபடி பாத அணை.